குறட்டைப் பரீட்சை

அந்தப் பண்டல் மேலேயே உட்காருங்க சிஸ்டர். பனியன் துணிதானே, ஒண்ணும் ஆகாது. வீட்டிலே இருக்கிற ஒரே நாற்காலியிலே ஃபேனைக் கட்டி வச்சிருக்கோம். நான் கையை நிறுத்தலைன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. நாலு மணிக்குக் கம்பெனி ஆட்டோ வந்திரும், அதுக்குள்ளே இத்தனைக்கும் பிசிறு வெட்டி அடுக்கணும். தையல் ஓரத்திலே நூல் நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அதுதான் பிசிறு. இந்தக் குட்டிக் கத்தரியாலே ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கணும். அஞ்சாவது படிக்கும்போது கத்துக்கிட்ட வேலை. ஆறாவதுக்குப் போகலை. கை அது பாட்டுக்கு வெட்டும். உங்க முகத்தைப் பார்த்துப் பேசுன்னா எனக்கு வராது. இப்படிக் குனிஞ்சுக்கிட்டே பேசுன்னா ஏதோ வரும்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, திரும்பக் காட்ட ஏன் வரலைன்னு தேடி வந்திருக்கீங்க, இந்த வெயில்லே. குழாயடியிலே நின்னு, "மூக்கு ஆபரேஷன் பண்ணின மேகலா வீடு எது"ன்னு கேட்டீங்களாம். பக்கத்து வீட்டு ரோஸி அக்கா முன்னாலே ஓடிவந்து சொன்னாங்க. இருக்கட்டுங்க. இந்த லைன் வீட்டிலே எட்டுக் குடித்தனம். எல்லாருக்கும் என்னை மூக்கை வச்சுத்தான் அடையாளம்.

மூக்கு நல்லாருக்கு. அதை முதல்லே எழுதிக்கோங்க. ரெண்டு பக்கமும் காத்துப் போகுது. வாசனை தெரியுது. தூக்கம் நல்லாருக்கான்னு கேக்கறீங்க. நல்லாருக்குன்னே எழுதிக்கோங்க. இல்லை, இருங்க, பேனாவைச் சித்தெ வையுங்க. அதுக்கு முன்னாலே நான் ஒண்ணு கேக்கணும். மூணரை வயசுப் புள்ளைக்கு மூக்குத் தண்டு வளைஞ்சிருக்குமா? என் மகள் நிவிஷாவைத்தான் சொல்றேன். பால்வாடிக்குப் போறா. டீச்சர் நேத்துக் கூப்பிட்டு, "சோத்துத் தட்டைக் கையிலே வச்சுக்கிட்டு உட்கார்ந்தபடியே தூங்கறா. அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கு"ன்னு சிரிச்சாங்க. எனக்கு நின்ன இடத்திலே மண்ணுக்குள்ளே போயிடலாம்போல இருந்துச்சு. என் நோவு அவளுக்கும் வந்திருச்சா சிஸ்டர்? சின்னப் புள்ளைக்கும் மூக்கிலே ஆபரேஷன் பண்ணுவாங்களா?

கூட்டிட்டு வந்து காட்டணுமா. காட்டறேன். ஆனா நான் அங்கே வந்தா என்னையும் கேப்பீங்களே. அதுக்குப் பயந்துதான் வரலை.

எனக்கு இது நிவிஷா பொறந்த பிறகு வந்ததுங்க. உடம்பு ஊதிப்போச்சு, மூக்கு அடைச்சுக்கிச்சு. குறட்டைன்னா ஆம்பளைங்க விடறதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். பொம்பளை விட்டா அதுக்குப் பேரே வேற. இந்த லைன்லே சுவர் கூரை வரைக்கும் முட்டாது, பாருங்க, மேலே ஒரு சாண் சந்து விட்டிருக்காங்க. ஒரு வீட்டிலே கடுகு தாளிச்சா எட்டு வீட்டிலேயும் தும்முவாங்க. அப்போ என் சத்தம்? காலையிலே தண்ணி பிடிக்கப் போனா, "ஏன் மேகலா, உன் வீட்டிலே ராத்திரியெல்லாம் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடுதே, கம்பெனி வச்சிருக்கியா? எங்களுக்கும் ஓவர்டைம் குடேன்"னு கேப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்காமே என்ன செய்ய? குடத்தைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ளே வந்த பிறகுதான் அழுவேன்.

எங்க வீட்டுக்காரர் குழந்தைவேல், தங்கமானவருங்க. ஒரு வார்த்தை திட்டினதில்லை. நிட்டிங் கம்பெனியிலே வேலை. பகல் ஷிப்ட்டிலே இருந்தவர், எனக்காகவே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிட்டார். "அங்கே நாப்பது மெஷின் ஓடுது, அது பழகிருச்சு. உன் சத்தம்தான் பழகமாட்டேங்குது"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பார். வேற ஒருத்தரா இருந்தா அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இல்லையா?

ராத்திரி எவ்வளவு தூங்கினாலும் பகல்லே கண்ணு சொருகும் சிஸ்டர். கொழுப்புன்னாங்க. சோம்பேறின்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன். போன தைப்பூசம் முடிஞ்ச வாரம், இதோ இதே இடத்திலே, இதே மாதிரி பனியனை மடியிலே போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நிவிஷா கால்மாட்டிலே விளையாடிக்கிட்டிருந்தா. எப்போ கண்ணை மூடினேன்னு தெரியாது. முழிச்சுப் பார்த்தா வாசல் முழுக்க ஆளுங்க. ரோஸி அக்கா இடுப்பிலே நிவிஷா. கம்பெனி வண்டி போற ரோட்டிலே நடுவிலே நின்னுக்கிட்டிருந்தாளாம். வேன்காரர் பிரேக் அடிச்சு, இறங்கி, தூக்கிட்டு வந்து, யார் புள்ளைன்னு கேட்டிருக்கார். அவ்வளவு கூச்சலும் எனக்குக் கேக்கலை. வாயைப் பொளந்துக்கிட்டுக் கத்தரி கையிலே இருக்க உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கிட்டிருந்திருக்கேன். கடைசி வீட்டுப் பொண்ணு அதைப் போன்லே படம் பிடிச்சிட்டா. விளையாட்டுக்குத்தான். அது இங்கே சுத்தி அங்கே சுத்தி, சாயங்காலத்துக்குள்ளே எங்க வீட்டுக்காரர் சொந்தக்காரங்க எல்லாரும் பார்த்துட்டாங்க.

மறுநாள் கோகிலா நங்கை வந்தாங்க. எங்க பக்கம் புருஷனோட அக்காவை நங்கைன்னுதான் கூப்பிடுவோம். அவிநாசியிலே இருக்காங்க. கெட்டவங்க இல்லை. அவங்களுக்கு ரெண்டும் பசங்க, நிவிஷான்னா உசுரு. வந்தவங்க தண்ணிகூடக் குடிக்கலை. "பெத்தவ தூங்கறா, புள்ளை ரோட்டிலே நிக்குது. இது நல்லாவா இருக்குது? உனக்குக் கொறட்டை நிக்கட்டும் அம்மிணி, நானே கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் என்ற தம்பி புள்ளை என்ற வூட்டிலே இருக்கட்டும்"னாங்க. அவர் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். நான் என்ன வாயை வச்சுக்கிட்டு வேண்டாம்பேன்? அவ துணியையெல்லாம் நானே மடிச்சு ஒரு பையிலே வச்சுக் குடுத்தேன். டாட்டா காட்டிட்டுப் போனா. ஊருக்குப் போறோம்னு நினைச்சுக்கிட்டா போல.

அதுக்குப் பிறகுதான் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா மூக்குக்குள்ளே லைட்டு விட்டுப் பார்த்தாங்க. நடுத் தண்டு வளைஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும் சதை வீங்கியிருக்குன்னாங்க. ஆபரேஷன் பண்ணினா குறட்டை நின்னிருமான்னு கேட்டேன். நான் கேட்டது அது ஒண்ணுதான். அவங்க பொறுமையா, "மூக்குங்கிறது வாசப்படி மாதிரிம்மா. அதைச் சரி பண்ணிரலாம். ஆனா தூங்கும்போது உனக்குத் தொண்டைக்குள்ளே அடைச்சு மூச்சே நின்னு நின்னு வருதுன்னா, அதுக்கு மூக்கு ஆபரேஷன் மட்டும் போதாது. எது எவ்வளவுன்னு மெஷின் வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்"னாங்க. அப்புறம் அந்த மெஷினைக் குடுத்து அனுப்பினாங்க. நெஞ்சிலே ஒரு பட்டை, மூக்கிலே ஒரு குழாய், விரல்லே ஒரு கிளிப்பு. ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டுக் காலையிலே கொண்டாந்து குடுக்கச் சொன்னாங்க.

இதை நான் யாருகிட்டேயும் சொன்னதில்லை சிஸ்டர். நீங்களும் டாக்டரம்மாகிட்டே... சொல்லத்தான் சொல்வீங்க. அன்னிக்கு நான் தூங்கலை.

ஒரு நிமிஷம்கூடத் தூங்கலைங்க. அந்த மெஷினுக்குள்ளே என் சத்தம் பதிஞ்சு போகும், நாளைக்கு ஆஸ்பத்திரியிலே டாக்டருங்க எல்லாம் சுத்தி உட்கார்ந்து அதைப் போட்டுக் கேப்பாங்கன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு போன்லே பிடிச்ச மாதிரி. ஆம்பளை டாக்டருங்களும் இருப்பாங்கதானே. முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிட்டு வந்து, நெஞ்சிலே பட்டையோட உட்கார்ந்து பிசிறு வெட்டினேன். கிளிப்பு மாட்டின விரலை மட்டும் நீட்டி வச்சுக்கிட்டேன். விடியும்போது நாலு பண்டல் முடிஞ்சிருந்துச்சு. காண்ட்ராக்டர்கூட, "என்ன மேகலா, ரெண்டு ஆளு வச்சிருக்கியா"ன்னு கேட்டார்.

ரிசல்ட் வந்துச்சு. மூச்சு நிக்கிறது ரொம்பக் கொஞ்சம்னாங்க. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "நல்லாத் தூங்கினியாம்மா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. "தூங்கினேனுங்க"ன்னேன். பரீட்சையிலே பாஸானது என் வாழ்க்கையிலே அதுதான் முதல் தடவை.

ஏன் சிஸ்டர் அப்படிப் பார்க்கறீங்க? அந்த மெஷினை யாரும் போட்டுக் கேக்க மாட்டாங்களா? மூச்சை எண்ணறது மட்டும்தானா அது? அப்படின்னா... சரி. எனக்கு யாரும் அதைச் சொல்லலைங்க. சொல்லியிருப்பாங்க, நான் வெக்கத்திலே காதிலே வாங்கியிருக்க மாட்டேன்.

ஆபரேஷன் அன்னிக்கு நீங்க இருந்தீங்களா? மூக்குத்தி கழட்ட வரலையே, அந்தக் கூத்தைப் பார்த்தீங்களா? கல்யாணத்துக்குப் போட்டது. அஞ்சு வருஷமாக் கழட்டினதில்லை, திருகு அப்படியே பிடிச்சுக்கிச்சு. சோப்புத் தண்ணி விட்டாங்க, எண்ணெய் விட்டாங்க. வயசான ஒரு நர்ஸம்மா, "மூக்குக்குள்ளே ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாலே மூக்குக்கு வெளியிலே ஒரு ஆபரேஷன் போடணும் போல"ன்னாங்க. வலியிலேயும் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் ரெண்டு நாள் மூக்கிலே பஞ்சு வச்சு அடைச்சிருந்தாங்க. வாயாலேயே மூச்சு. நாக்கு காஞ்சு அட்டையாட்டம் ஆயிருச்சு. அப்போகூட உட்கார்ந்தேதான் இருந்தேன். வார்டிலே பதினாறு கட்டில், எல்லார் முன்னாலேயும் தூங்கிட்டா?

ஆனா பஞ்சை எடுத்த பிறகு பாருங்க, முதல்லே டெட்டால் வாசனை வந்துச்சு. அப்புறம் பக்கத்துக் கட்டில்காரங்க உரிச்ச ஆரஞ்சு. எத்தனை வருஷம் கழிச்சு! உடனே எனக்கு நிவிஷாவை மோந்து பார்க்கணும்னு இருந்துச்சு. கைக்குழந்தையா இருந்தப்போ எல்லாரும், "புள்ளை வாசம் எப்படி இருக்குது பாரு"ம்பாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, தலையை ஆட்டுவேன். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே அவிநாசிக்குப் போனோம். வாரி எடுத்து உச்சியை மோந்தேன். நங்கை தேய்க்கிற எண்ணெய் வாசம் வந்துச்சு. அவங்க வீட்டுச் சோப்பு, அவங்க வீட்டுப் பவுடர். என் புள்ளையை முதல் தடவை மோந்து பார்க்கறேன், அவ வேற வீட்டுப் புள்ளையாட்டம் மணக்கறா.

நங்கை சும்மா அனுப்பிருவாங்களா? "மூக்கு கிழிச்சாச்சு, சரி. கொறட்டை நின்னுதான்னு நான் காதாலே கேக்கணும்"னு சொல்லி ரெண்டு வாரம் கழிச்சு நிவிஷாவையும் கூட்டிக்கிட்டு இங்கே வந்து ஒரு நாள் தங்கினாங்க. எனக்கும் நிவிஷாவுக்கும் நடுவிலே பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு, மூச்சை மெதுவா இழுத்து மெதுவா விட்டுக்கிட்டுக் கிடந்தேன். விடிய விடிய. புள்ளை வேணும்னா ஒரு ராத்திரி என்ன, ஒன்பது ராத்திரி முழிச்சிருக்கலாம். காலையிலே காப்பி குடிச்சுட்டு, "பரவாயில்லையே அம்மிணி, பூனை மாதிரி தூங்கறியே. டாக்டருங்க கைக்காரங்கதான்"னாங்க. நிவிஷாவை விட்டுட்டுப் போனாங்க. பஸ் ஏறும்போது அவங்க கண்ணு கலங்கிருச்சு. நான் ரெண்டாவது பரீட்சையிலேயும் பாஸ்.

பொய்தான். தெரியும். ஆனா யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்.

குறட்டை நிக்கலை சிஸ்டர். மூக்கடைப்புப் போச்சு, சத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்போல, நிக்கலை. தினமும் முழிச்சிருக்க முடியுமா? அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். இந்தக் கட்டிங் வேஸ்ட் இருக்கு பாருங்க, நீளநீளமாப் பனியன் துணி. இதிலே ஒண்ணை எடுத்துத் தாடைக்கு அடியிலே குடுத்து உச்சியிலே இறுக்கிக் கட்டிக்கிட்டா வாய் திறக்காது. வாய் திறக்கலைன்னா சத்தம் வெளியே போகாது. மூக்குத்தான் இப்போ நல்லா இருக்கே, மூக்காலே விட்டுக்கலாம்ல? ரோஸி அக்காகூட, "என்னடி, பவர் டேபிளை வித்துட்டியா"ன்னு கேட்டாங்க.

கட்டக் கூடாதா? ஏன் இவ்வளவு கோவமாச் சொல்றீங்க? காலையிலே பார்த்தா எப்படியும் அவுந்துதான் கிடக்குது. எத்தனை முடிச்சுப் போட்டாலும் அவுந்துருது. தூக்கத்திலே நானே பிடுங்கிப் போடறேனாக்கும்.

அட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், கேட்டா சிரிப்பீங்க. இன்னைக்குக் காலையிலே வாசல்லே புள்ளைங்க அம்மா அப்பா விளையாட்டு விளையாடிச்சு. நிவிஷாதான் அம்மா. கடைசி வீட்டுப் பையன், "அம்மா தூங்கற மாதிரி பண்ணு"ன்னான். இவ பொம்மையைப் படுக்க வச்சு, அது மாதிரி இவளே சத்தம் குடுத்தா. கொர்ர்ர்னு இழுத்தா. அப்புறம் பேச்சுமூச்சே இல்லை. எல்லாரும் பார்த்துக்கிட்டே இருக்கோம், இவ சும்மா இருக்கா. திடீர்னு பொம்மையோட கன்னத்தைப் பட்டுப் பட்டுன்னு தட்டி, "அம்மா, மூச்சு விடு. அம்மா, மூச்சு விடு"ன்னா. உடனே ஹக்குன்னு ஒரு சத்தம் குடுத்து, திரும்பக் கொர்ர்ர். லைனே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு, ஆனாலும் சிரிச்சேன். உள்ளே கூட்டிட்டு வந்து, "யாருடி உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது"ன்னு கேட்டேன். "யாருமில்ல. நீ மூச்சு விடாட்டி தட்டணும். தட்டினா விடுவே"ங்கிறா. "எப்போ தட்டுவே?" "நெதமும்." "எத்தனை வாட்டி?" பத்து விரலையும் விரிச்சுக் காட்டறா. அதுக்கு மேலே எண்ணத் தெரியாது அவளுக்கு. "கட்டு இறுக்கமா இருக்குதும்மா, என்னால அவுக்க முடியலை, பல்லாலே கடிச்சு அவுத்தேன்"னு சொல்லிட்டு...

ஏன் சிஸ்டர் எழுதறதை நிறுத்திட்டீங்க?



பல்லாலே கடிச்சு அவுத்தேன்னா. இவ்வளவு நேரம் சிரிப்பாச் சொல்லிக்கிட்டு வந்துட்டேன்ல. நான் பூனையாட்டம் தூங்கறேன், அது பக்கத்திலே உட்கார்ந்துக்கிட்டு என் மூச்சை எண்ணிக்கிட்டு இருந்திருக்கு. ராத்திரி முழிச்சா பகல்லே கண்ணு சொருகும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரணுமா? சோத்துத் தட்டு முன்னாலே தூங்குதுன்னு டீச்சர் சொன்னா, மூக்கு வளைஞ்சிருக்கான்னு உங்ககிட்டே கேக்கறேன். அவ மூக்கு நல்ல மூக்குங்க. அவளுக்கு ஒரு நோவும் இல்லை.

பாருங்க, துணியையே வெட்டிட்டேன். ஓட்டை போட்டா பீஸை எடுக்க மாட்டாங்க. இருக்கட்டும், அக்கட்டாலே ஓரமா வச்சிருவோம்.

நீங்க சொல்றது புரியுதுங்க. மறுபடியும் மெஷின் மாட்டிப் பார்க்கணும், இந்தத் தடவை நிஜமாத் தூங்கணும். மூச்சு நிக்குதுன்னா முகத்திலே மாஸ்க் வச்சுக் காத்து அடிக்கிற மெஷின் ஒண்ணு இருக்கு, ஆபரேஷன் பண்ணினது வீண் இல்லை, மூக்கு திறந்திருக்கிறதாலே அது இனி சுலபமாச் சேரும். புரியுது. இந்த லைன்லே முகத்திலே குழாயை மாட்டிக்கிட்டுப் படுத்தா யானைன்னு பேரு வைப்பாங்க. வைக்கட்டும், பவர் டேபிளுக்கு யானை மேல். அது இல்லை சிஸ்டர் என் பயம். குறட்டை நிக்கலைன்னு ஆஸ்பத்திரிக் காகிதத்திலே ஏறினா நங்கைக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா பஸ் ஏறி வருவாங்க. கொண்டு போயிருவாங்க. இப்பத்தான் அவ மேலே எங்க வீட்டு வாசம் வந்திருக்கு.

ஆனா அங்கே இருந்தா தூங்குவால்ல.

அடுத்த கேள்வி என்னங்க, படிங்க. கூடப் படுக்கிறவங்க யாரு, அவங்க என்ன கவனிச்சாங்க. அவர் பேரை எழுதாதீங்க, அவர் கவனிச்சது இல்லை. நிவிஷான்னு எழுதுங்க. வயசு மூணரை. என்ன கவனிச்சான்னா... அந்தக் கோட்டுக்குள்ளே அவ்வளவும் அடங்குமா? தூக்கம்னு ஒரு இடம் வெறுமையா விட்டிருந்தீங்களே, அதிலே நல்லா இல்லைன்னு எழுதுங்க. முன்னாலே குடுத்த மெஷின்லே நான் தூங்கலைங்கறதையும் எழுதுங்க. பொய் சொன்னான்னே எழுதுங்க, பரவாயில்லை. நங்கைகிட்டே நானே போன்லே...

யாரது? ரோஸி அக்காவா? "மேகலா, ஏ மேகலா! உன்ற நங்கை ஆட்டோவிலே வந்து இறங்கறாங்க, வா வெளியிலே!"

வர்றேனுங்கக்கா! சிஸ்டர், எழுதிட்டீங்களா? பேனாவிலேதானே எழுதறீங்க, அழியாதில்ல? சீக்கிரம் எழுதிருங்க. அவங்க உள்ளே வந்து என் மூஞ்சியைப் பார்த்து, இப்போ எப்படித் தூங்கறே அம்மிணின்னு கேட்டுட்டா நான் மறுபடியும் நல்லாருக்குதுங்கன்னு...